நெருப்பு தாங்காத தையல்

போன மாதம் பாண்டிச்சேரிக்குப் போகும்போது கூனிமேட்டுக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், தோண்டிச் சமப்படுத்திய மண்ணின் மேல் நாலு ஆட்கள் ஒரு பெரிய வெள்ளைத் துணிச் சுருளை உருட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் மேல் ஜல்லியைக் கொட்டுவதற்கு லாரி ஒன்று பின்னால் காத்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "ரோட்டுக்குப் போயி துணி போத்துறானுங்களே, இன்னாத்துக்கு?" என்றார்.

"ஜல்லி மண்ணுல புதையாம இருக்கம்மா. தண்ணி மட்டும் கீழ எறங்கும்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இஞ்ஜினியரா நீ?"

"இல்லம்மா, டைலரு. ஜாக்கெட் தைக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதற்குள் காற்று திரும்பி, அந்தத் துணியின் வாசனை உள்ளே வந்துவிட்டது. புதுத் துணி என்றால் உங்களுக்குத் தீபாவளி ஞாபகம் வரும். கஞ்சியும் சாயமும் கலந்த அந்த வாசனையை மூக்கில் வைத்து இழுத்திருப்பீர்கள். இது அப்படி இருக்காது. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளிக்குள் மெஷின் எண்ணெய் சிந்தினால் எப்படியோ அப்படி இருக்கும். மூன்று வருஷம் என் தலைமுடியில் அந்த வாசனை இருந்தது. எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது. பஸ் கிளம்பிப் பொம்மையார்பாளையம் தாண்டிய பிறகும் அன்றைக்கு அது என்னை விடவில்லை. லைனிங் துணி வாங்க வேண்டிய கடையில் போய் நின்று, எதற்கு வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாசனைக்குள் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பிளஸ் டூ முடித்து, டைலரிங் கிளாஸுக்கும் போய்விட்டு, உப்பளத்துக்குப் போகாமல் தப்பிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தேன். அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமக்கிற வேலை. அந்தக் கூடையை ஒரு கோடை முழுக்க நானும் சுமந்து பார்த்திருந்தேன். கண்ணை மூடினாலும் வெள்ளையாகத் தெரியும். மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு தகர ஷெட் போட்டிருக்கிறார்கள், தைக்கத் தெரிந்த பெண்கள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டதும் மறுநாளே போய் நின்றேன். சுடிதார், யூனிபார்ம், அதிகம் போனால் எக்ஸ்போர்ட் சட்டை என்று நினைத்திருந்தேன். ரெண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பளித் துணியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்கள். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறந்து, குழாய் மாதிரி தைக்க வேண்டும்.

"இத யாருக்கா போடுவாங்க?" என்று பக்கத்து மெஷின்காரியைக் கேட்டேன்.

"பூதத்துக்குக் கால்சட்டைடி. பேசாம தைய்யி" என்றாள் அவள். அவள் பெயர் வசந்தா. எங்கள் தெருதான், என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தாள். என்னைவிட ரெண்டு வயது பெரியவள்.

அது சிமெண்ட் ஆலையில் மாட்டுகிற ஃபில்டர் பை என்று சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. ஆலையின் தூசி ஊருக்குள் போகாமல் அந்தப் பை பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் என்னென்னவோ தைத்தோம். சர்க்கரை ஆலையில் சாறு வடிகட்டுகிற துணி. ஆஸ்பத்திரியில் பிரசவக் கட்டிலில் விரிக்கிற, ரத்தம் கீழே இறங்காத விரிப்பு. இடையஞ்சாவடி பக்கம் செடி வளர்ப்பவர்களுக்குப் பச்சை நிழல்வலை. உப்பு அம்பாரத்தை மழைக்கு மூடுகிற தார்ப்பாய். அம்மா சுமந்து கொட்டிய உப்பின் மேல் நான் ஓரம் அடித்த தார்ப்பாய் கிடப்பதை ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். பாண்டிச்சேரி துறைமுகத்தில் ஒருமுறை கிரேனில், நாங்கள் தைக்கிற மாதிரித் துணிப் பட்டை கட்டி ஒரு விசைப்படகைத் தூக்கினார்கள். எல்லோரும் படகைப் பார்த்தார்கள். நான் பட்டையில் நாலு வரித் தையல் ஓடியிருக்கிறதா என்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் துணியை யாரும் அழகு பார்த்து வாங்கமாட்டார்கள். சுருக்கம் விழுந்தால் பரவாயில்லை. தையல் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தார். செக்கிங் மேஜையில் நூர்ஜஹான் அக்கா. கூனிமேடு. முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் மீன் கம்பெனி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பீஸையும் அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரெண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, ஒரு சின்னச் சீட்டில் தன் நம்பரை முத்திரை குத்தி உள்பக்கம் பின் போடுவார். சீட்டு இல்லாமல் பீஸ் பேக்கிங்குக்குப் போகாது. புது நூல் வந்தால் ஒரு சாண் வெட்டித் தீக்குச்சியில் காட்டுவதும் அவர் வேலை. பருத்தி நூல் காகிதம் போல எரியும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். சில நூல் மட்டும் கறுக்குமே தவிரப் பற்றாது. அந்த நூலைச் சூப்பர்வைசர் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார். நகை கேட்பது போலக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த நூல் தேவைப்பட்ட ஆர்டர் மூன்றாவது வருஷம் சித்திரையில் வந்தது. சென்னைக்கு வடக்கே ஒரு இரும்பு வார்க்கிற ஆலைக்கு நெருப்பு தாங்கும் கோட்டு. கடலைமாவு நிறம், முழங்கால் வரை நீளம், கெட்டிக் கழுத்து. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போது தெறிக்கிற பொறி அந்தத் துணியில் விழுந்து உருண்டு ஓடிவிடும். அறுபது கோட்டு. பாதிக்கு மேல் தைத்த பிறகு, பற்றாத அந்த மஞ்சள் நூல் தீர்ந்துபோனது. வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கோட்டை ஏற்றிப்போக அடுத்த வாரமே லாரி வரும் என்றார்கள்.

ஒரு காலையில் சூப்பர்வைசர் தாமோதரன் சார் ஒரு பெட்டி நூல் கொண்டுவந்து வைத்தார். அதே மஞ்சள். அவர் கெட்ட மனிதர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எங்களில் யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். முதலாளி போனில் திட்டுகிற சத்தம் மட்டும் அவர் அறையிலிருந்து அடிக்கடி வெளியே கேட்கும்.

நூர் அக்கா வழக்கம்போல ஒரு சாண் வெட்டிக் குச்சி கிழித்தார். நூல் சுருண்டு, உருகி, சொட்டாக மேஜையில் விழுந்தது.

"சார், இது சாதா பாலியஸ்டர் சார்."

"தெரியும்மா. துணிதானே நெருப்பத் தாங்குது? நூலு உள்ள மறைஞ்சிதான இருக்குது."

"நூலு போச்சுன்னா துணி எங்க சார் நிக்கும்? நான் பாஸ் பண்ண மாட்டேன் சார்."

"யாரு போயி நெருப்புக்குள்ள நிக்கப் போறாங்க? தூர நின்னு ஊத்துவாங்கம்மா."

"தௌபா! அப்படின்னா கோட்டு எதுக்கு சார்?" என்றார் அக்கா.

அன்று மத்தியானமே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். சார் ஷெட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிளஸ் டூ படித்தவள் நான் ஒருத்திதான். "நீ வாம்மா, செக்கிங் பாரு" என்றார்.

போனேன். இதை எப்படிச் சொன்னாலும் நன்றாக இருக்காது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். செக்கிங் மேஜைக்கு மேலே ஃபேன் இருந்தது. முதுகு சாய்கிற நாற்காலி இருந்தது. நம்பர் ஏழு என்று எனக்கு ஒரு முத்திரை கொடுத்தார்கள். அம்மாவிடம் சொன்னபோது, உப்பு வெடித்த உள்ளங்கையால் என் கன்னத்தைத் தடவி, "சேர்ல உக்காந்து வேலையா?" என்று ரெண்டு தடவை கேட்டார். நான் போய்ப் புதுப் பேனா ஒன்று வாங்கினேன். முத்திரை குத்துகிற வேலைக்குப் பேனா எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

மிச்சமிருந்த இருபத்து மூன்று கோட்டும் அந்த நூலில் தைத்து முடிந்தது. எல்லாவற்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தையல் நேராக இருந்தது. இருபத்து மூன்று முறை ஏழு என்று குத்தினேன். சரியான நூலில் தைத்தவற்றிலும் அக்காவின் சீட்டை எடுத்துவிட்டு, என் நம்பர் குத்திய சீட்டையே வைக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கலந்து, சாக்கு சுற்றி மூன்று பேல்களாகக் கட்ட வைத்தார்கள். எது எதில் இருக்கிறது என்று அதன் பிறகு யாருக்கும் தெரியாது.

லாரி வருவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில், வெட்டில் மிஞ்சிய ரெண்டு துண்டை அந்த நூலால் சேர்த்துத் தைத்து, தோப்புக்குள் எடுத்துப்போனேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒன்றும் ஆகாது என்று பார்த்துவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நினைத்திருப்பேன். சவுக்குச் சருகைக் கூட்டிப் பற்றவைத்து, துண்டை அதன் மேல் பிடித்தேன். துணி லேசாகக் கறுத்தது, அவ்வளவுதான். சொன்ன மாதிரியே தாங்கியது. ஆனால் பத்து எண்ணுவதற்குள் என் கையில் ஒரு துண்டுதான் இருந்தது. இன்னொன்று தீயில் கிடந்தது. நடுவில் இருந்த தையல் மெழுகாக ஓடிவிட்டது.

ஓடிவந்து தாமோதரன் சாரைத் தேடினேன். அவர் திண்டிவனம் போயிருந்தார். பேக்கிங்கில் நூர் அக்கா மட்டும் இருந்தார். அவரிடம் கறுத்த துண்டைக் காட்டினேன்.

அக்கா அதை வாங்கக்கூட இல்லை. "எங்கிட்ட எதுக்குக் காட்டுற? சீட்டுல யாரு நம்பரு இருக்குது?"

நான் அழுதேன். அவர் கொஞ்ச நேரம் அழவிட்டார். பிறகு, "அழுது இன்னா ஆவப்போவுது? போடுறவனுக்குத் தெரியணும். அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, முதல் பேலின் சாக்குத் தையலைக் கத்தரியால் பிரித்தார்.

செக்கிங் சீட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அந்தப் புதுப் பேனாவால் எழுத ஆரம்பித்தேன். "இந்த கோட்டின் தையல் நெருப்பு தாங்காது. தயவுசெய்து போடாதீர்கள்." நல்ல தையல் எது, கெட்டது எது என்று பிரிக்க நேரம் இல்லை, எல்லாக் கோட்டுக்கும் எழுதினோம். நான் எழுத எழுத அக்கா மார்புப் பாக்கெட்டில் செருகி, மடித்து அடுக்கினார். ரெண்டு பேல் முடிந்து அக்கா சாக்கைத் திரும்பத் தைத்தபோது வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. தாமோதரன் சார் வந்துவிட்டார். மூன்றாவது பேலைப் பிரிக்கவே இல்லை.

மறுநாள் லாரி போய்விட்டது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஏழாம் நம்பரை வைத்துக்கொண்டு ஃபில்டர் பைகளைப் பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் போயிருக்கும். ஒரு ஜீப் வந்தது. இரும்பு ஆலையிலிருந்து ஒருவர், அரசாங்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஒருவர். மெஷினை எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். மெஷின் ஓடாத அந்த ஷெட்டில் கடல் சத்தம் கேட்கும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆலையில் மூன்றாவது பேலைத்தான் முதலில் பிரித்திருக்கிறார்கள். கோட்டு கொடுத்த எட்டாம் நாள், ஊற்றும்போது இரும்பு தெறித்து ஒரு தொழிலாளியின் வலது தோளில் விழுந்திருக்கிறது. துணி தாங்கியது. தோள் தையல் ஓடி, கோட்டின் கை தனியாகக் கழன்று கீழே இறங்கி, அந்த வழியாக நெருப்பு உள்ளே போய்விட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்கப்புறம் மற்ற ரெண்டு பேலையும் பிரித்துப் பார்த்தபோது பாக்கெட்டுகளில் சீட்டு இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "இது யாரு எழுத்து?"

முப்பது பேர் இருந்தோம். அத்தனை பேருக்கும் தெரியும்; அவர்களுடைய லீவு லெட்டரை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தாமோதரன் சார், "பொம்பளைங்க கவனம் இல்லாம நூல மாத்திப் போட்டுருக்காங்க சார். அத மறைக்க எவளோ இப்படிப் பண்ணிருக்கா" என்றார். அவருக்கும் ரெண்டு பெண்பிள்ளைகள்.

வசந்தா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "வாயத் தொறக்காத. கம்பெனிய மூடிடுவாங்க. எல்லாரும் திரும்ப உப்பளத்துக்குத்தான் போவணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் சொன்னது பொய் இல்லை. நான் எழுந்து நின்றது தைரியத்தால் என்றும் சொல்ல மாட்டேன். பின்பக்கம் யார் எழுத்து என்று கேட்டவர், முன்பக்கம் திருப்பி யார் நம்பர் என்று எப்படியும் கேட்டிருப்பார். "என் எழுத்து சார். அந்த ஏழும் நான்தான்" என்றேன். பேக்கிங் பக்கத்திலிருந்து நூர் அக்காவும் எழுந்தார். "நூலு வேறன்னு முன்னாடியே சொன்னது நான் சார். அதுக்குத்தான் என்னைத் தூக்கி இங்கப் போட்டாங்க."

வசந்தா சொன்னபடியே ஆடி மாதத்துக்குள் ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். மெஷின்களை வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் நூர் அக்காவும் மூன்று தடவை சென்னைக்குப் போய், ஒரு அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தொழிலாளிக்கு நஷ்டஈடு கிடைத்ததாகவும், வேறு இலேசான வேலை கொடுத்ததாகவும் பிறகு சொன்னார்கள். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஷெட்டைப் பூட்டிய மறுநாள் விடிந்ததும் இன்னொரு கூடையை எடுத்து வாசலில் வைத்தார். ரெண்டு வருஷம் சுமந்தேன். வரப்பில் எதிரே வருகிற எங்கள் ஷெட் பெண்களில் சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் பார்க்காத மாதிரி போனார்கள். வசந்தா பக்கத்துப் பாத்தியில் வேலை செய்தாலும் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு இருபது வருஷம் பேசாமல் இருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடிகிறது.

ஷெட் மூடின அடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒருவர் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்.

"என் பேரு தேசிங்கு. கோட்டுல சீட்டு எழுதுனது நீங்களா?"

நான்தான் என்று தலையசைத்தேன். அம்மா நாற்காலியை எடுத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் இடது கையால் வாங்கினார். வலது கை மடங்கியபடியே இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மேல்தோல் பளபளவென்று இருந்தது. தண்ணீரைக் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்தார்.

"என் கோட்டுல சீட்டு இல்லம்மா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் சில்லறை வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். "கூட வேலை செய்யுறவங்கள்லாம் அவங்க சீட்ட பர்ஸுல வெச்சிருக்காங்க. சாமி படம் மாதிரி. எனக்கு மட்டும் ஏன் இல்லன்னு ஆஸ்பத்திரில படுத்துக்கினு யோசிச்சிக்கினே இருப்பேன். கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

விசாரணையில் கேட்டபோது, சூப்பர்வைசர் வந்துவிட்டார், நேரம் இல்லை என்று சொல்லியிருந்தேன். எழுதிக்கொண்டார்கள். அம்மாவிடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன். நூர் அக்காவும் அதைத்தான் நம்பினார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"நேரம் இருந்துதுங்க" என்றேன். "மறுநாள் லாரி பத்து மணிக்குத்தான் வந்துது. நான் எட்டு மணிக்கே வந்துட்டேன். அந்த பேலு பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். கத்தரி கையில இருந்துது. பயமா இருந்துது. ரெண்டு பேலுக்கு வெச்சாச்சே, அது போதும்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். தேசிங்கு தலையைக் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிம்மா. இப்ப தெரிஞ்சிது" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அம்மா சாப்பிட்டுப் போகச் சொன்னார். நெத்திலிக் குழம்பு. ஒட்டிய விரல்களால் பிசைய முடியாது என்று அவர் ஸ்பூன் கேட்டார். எங்கள் வீட்டில் ஸ்பூன் இல்லை. அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் வாங்கிவந்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்வார். "நல்லா இருக்கீங்களா? அம்மா நல்லா இருக்காங்களா?" அவ்வளவுதான் பேச்சு. நூர் அக்கா மகன் வீட்டோடு சென்னைக்குப் போய், அங்கேயே காலமானார். தாமதமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவும் போய்விட்டார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கல் அன்று தேசிங்கு நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அவர் மனைவி. மார்கழியில், காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலி என்று சாய்ந்துவிட்டாராம். "உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு" என்றார்.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். சவுக்குத் தோப்பு இல்லை. கார் நிறுத்த வழுவழுப்பான கல் பதித்திருக்கிறார்கள். போன ஆவணியில் எங்கள் தெருப் பெண்ணுக்கு அங்கே கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து, செக்கிங் மேஜை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று பார்த்தேன். வாசல் எந்தத் திசையில் இருந்தது என்றுகூடப் பிடிபடவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒருத்தி தடவிப் பார்த்து வந்து உட்கார்ந்தாள். கண் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வசந்தா. உப்பளத்து வெயில் அவள் கண்ணை வாங்கிவிட்டது என்று ஊரில் சொல்லிக் கேட்டிருந்தேன். பக்கத்தில் யார் என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்து, எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

"நீதான்னு தெரிஞ்சிதான் வந்தேன். உக்காரு" என்றாள்.

இலை போட்டார்கள். இனிப்பு வைத்துக்கொண்டே போனார்கள். அவள் எதையும் தொடவில்லை.

"அந்த ஆளு எப்படி இருக்காரு?"

இருபது வருஷத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். யாரைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. "செத்துப்போயி ரெண்டு வருஷம் ஆவுது வசந்தா. நெஞ்சு வலி" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள். "ரொம்ப கஷ்டப்பட்டாராடி?"

"வேலைக்குப் போயிக்கினுதான் இருந்தாரு. ஒருவாட்டி எங்க வீட்டுக்குக்கூட வந்தாரு."

"இங்கயா? மரக்காணத்துக்கா?"

"ஆமா. ஷெட்டு மூடுன அடுத்த வருசம். சாப்ட்டுட்டுப் போனாரு."

சாம்பார் வந்தது. பரிமாறுகிறவர் ரெண்டு தடவை கேட்டும் அவள் பதில் சொல்லாததால் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

"கையி ஜாயின் பண்ணது நான்தான்டி" என்றாள் வசந்தா. "அறுவதுக்கும். எல்லாக் கோட்டுக்கும் கையி வெச்சது நான் ஒருத்திதான்."

வேலை போன கோபத்தில்தான் அவள் பேசவில்லை என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகத்தை என் பக்கம் திருப்பவும் இல்லை.

"அவரு வந்தன்னிக்கு என்னை ஒரு கொரல் கூப்ட்டிருக்கலாம்ல?" என்றாள். "நாலு வீடு தள்ளித்தானடி இருந்தேன்."